புள்ளிமான்

ஓஸ்டர்சுண்டில் டிசம்பர். மணி பன்னிரண்டரை.
ஜன்னலுக்கு வெளியே ஏரி உறைந்து கிடக்கிறது.
யில்வா பதினோராயிரம் வரிகளை
மென்பொருளுக்குள் இழுத்து விடுகிறாள்.
வரிக்கு ஒரு மோதல்:
ஒரு கார், ஒரு மூஸ் மான், ஒரு நாள், ஒரு நேரம்.

படுக்கை அச்சில் ஆண்டின் நாட்கள்,
நெடுக்கே இருபத்துநான்கு மணி.
பொத்தானை அழுத்தியதும்
திரை முழுக்க மை கொட்டிவிட்டது.

புள்ளிமேல் புள்ளி, அதன்மேல் புள்ளி;
ஒன்றா நூறா என்று சொல்லாத கறுப்பு.
அளவைக் குறைத்தாள். போதவில்லை.
ஒவ்வொன்றுக்கும் நூற்றில் ஐந்து பங்கு மை,
அதற்குமேல் கிடையாது என்றாள்.
கறுப்பு மெல்ல வெளுத்து
உள்ளேயிருந்து ஒரு மீன் வந்தது.

வயிறு உப்பிய மீன்.
முதுகு முழுக்க அந்தி, அடிவயிறு விடியல்.
ஜனவரியில் இரண்டும் ஒட்டிக்கொள்ளப் பார்க்கின்றன,
ஜூனில் விலகி விலகி
நள்ளிரவின் மேல் இடிக்கப் போகின்றன.
அட்டவணையில் சூரியனுக்கு ஒரு பத்திகூட இல்லை.
மான்கள்தான் வரைந்திருந்தன,
முன்கண்ணாடிகளில் விழுந்து விழுந்து.

மார்ச் கடைசியில் மட்டும் மீனுக்கு ஒரு படிக்கட்டு:
கடிகாரத்தை அரசாங்கம் முன்னால் தள்ளிய இடம்.
மானுக்கு யாரும் சொல்லவில்லை.

நான் எழுதும் மொழியில்
எழுத்தின் தலையில் புள்ளி வைத்தால்
உயிர் போய்விடும், மெய் மட்டும் நிற்கும்.
யில்வாவுக்கு அது தெரியாது.
தெரியாமலே பதினோராயிரம் வைத்துவிட்டாள்.
உடம்பில் ஒரு பொட்டும் இல்லாத,
குதிரையைவிட உயரமான அந்தப் பிராணி
அவள் திரையில் புள்ளிமான்.

அடுத்து, அடர்த்தி வரைபடம்.
சாலைத் துறை கேட்டது அதைத்தான்:
எந்த மாதம், எத்தனை மணிக்கு
எச்சரிக்கைப் பலகை எரியவேண்டும்?
புள்ளிகள் கரைந்து மேடு பள்ளமாயின,
சமவரிகள் வளையம் வளையமாய் விரிந்தன.
ஆக உயரமான மேடு அந்தியில் இல்லை.
அடியில், சரியாக நள்ளிரவில்,
ஆண்டு முழுக்க ஒரே மலைத்தொடர்.

சிதறலில் அதை அச்சுக்கோடு என்று நினைத்திருந்தாள்.
பெரிதாக்கினாள். கோடில்லை, புள்ளிகள்.
அறுநூற்றுப் பதினொன்று.
எல்லாம் பூஜ்யம் மணி, பூஜ்யம் நிமிடம்.

பாதிக்கு மேல் ஒரே பெயர்: அல்கோட்.
அடிபட்டு ஓடிய மானைப் பனியில் தேடிப்போய்
வேதனையை முடித்துவைக்கும் வேட்டைக்காரர்.
தொலைபேசியில் முதலில் நாய்தான் மூச்சிரைத்தது.
"நள்ளிரவா? நான் அப்படி எழுதவே இல்லையே.
இடித்தவன் நிற்காமல் போய்விடுகிறான்.
மறுநாள் ரத்தம் பார்த்து யாரோ கூப்பிடுகிறார்கள்.
எப்போது பட்ட அடியென்று எனக்கெப்படித் தெரியும்?
கட்டத்தைக் காலியாக விட்டேன், அவ்வளவுதான்."

காலியைப் பூஜ்யம் என்று படித்தது மென்பொருள்,
பூஜ்யத்தை நள்ளிரவு என்று.
ஒருவருக்கும் தெரியாததெல்லாம் ஒன்றுகூடி
எல்லாவற்றிலும் பெரிய சிகரமாகிவிட்டது.

அடர்த்தியிலிருந்து அவற்றை எடுத்தாள்.
மலை சரிந்தது; அந்தி எழுந்து நின்றது, தனக்குரிய உயரத்தில்.
சிதறலிலிருந்து எடுக்கக் கை வரவில்லை.
அச்சுக்குக் கீழே, சட்டத்துக்கு வெளியே,
உள்ளே நிறமில்லாத வட்டங்களாக வரிசையில் வைத்து
'நேரம் தெரியாதவை' என்று எழுதினாள்.
ஒன்றிரண்டு நிஜமாகவே நள்ளிரவாக இருக்கலாம்.
பிரித்தெடுக்க வழியில்லை.

மூன்று மணிக்குக் கிளம்பினாள்.
தன் படத்தின் ஆகக் கருத்த பட்டைக்குள்ளேயே
வீடுவரை ஓட்டவேண்டும்.
அறுபதுக்கு மேல் முள் ஏறவில்லை.
பின்னால் ஒருவன் விளக்கை மின்னி மின்னித் திட்டிவிட்டு
முந்திப் போனான்.
பைன் மரங்கள், பனி, பைன் மரங்கள்.
ஒரு வளைவில் ஏதோ அசைந்ததுபோல் இருந்தது;
கிளையிலிருந்து பனி உதிர்ந்ததுதான்.

வாசலில் எஞ்சினை அணைத்துவிட்டுக்
கொஞ்ச நேரம் உள்ளேயே உட்கார்ந்திருந்தாள்.
இந்தப் பயணத்துக்கு
அட்டவணையில் வரி கிடையாது.